சேர்ப்பதோடு முடிவதில்லை

(மணலியில் நடைபெற்ற விழாவின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் பேசத் தகுந்த இனிய பொருள்கள் பல இருக்க, கனமான பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டமைக்கு முதலில் பொறுத்தருள வேண்டுகிறேன். அறக்கட்டளையினர் எனக்களித்த தலைப்பு 'முதியோர் நலம்' என்பது. அதனுள் ஒரு கேள்வியை மட்டும் இன்று பேச விழைகிறேன். மறதிநோயுற்ற தாயையோ தந்தையையோ ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை வந்தால், அந்த முடிவை யார் எடுப்பது, எப்படி எடுப்பது என்பதே அக்கேள்வி. இதனை நூலறிவு கொண்டு மட்டும் பேச வரவில்லை. என் அன்னையார் காரியத்தில் நான் செய்த பிழைகள் இன்னொரு வீட்டில் நிகழாதிருக்க வேண்டும் என்பதற்காகவே பேசுகிறேன்.

மறதிநோய் என்பது முதுமையின் இயல்பான மறதி அன்று. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. கண்ணாடி எதற்கு என்பதே தெரியாமற்போவது நோய். மருத்துவர் இதனை டிமென்ஷியா என்பர். அதன் வகைகளுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். 2023-இல் வெளிவந்த ஓர் அகில இந்திய ஆய்வு, அறுபது வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்நோய் உடையவர்கள் என்றும், நாடு முழுவதும் அவர்கள் தொகை ஏறத்தாழ 88 இலட்சம் என்றும் மதிப்பிட்டது. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் குடும்பங்களுள்ளும் சிலவற்றில் இத்துன்பம் இருக்கக்கூடும். வெளியே சொல்லாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்நோயின் வரலாறே ஒரு குடும்பம் எடுத்த முடிவில்தான் தொடங்குகிறது. 1901-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், ஐம்பது வயதைக் கடந்த தன் மனைவியை இனி வீட்டில் வைத்துக் காக்க இயலாது என்று ஒரு கணவர் மருத்துவமனையில் சேர்த்தார். அங்கே அவரைக் கண்ட மருத்துவர்தான் அலாய்ஸ் அல்சைமர். அப்பெண்மணி இறந்தபின் மூளையை ஆராய்ந்து, 1906-இல் மருத்துவர் கூட்டமொன்றில் அவர் எடுத்துரைத்தார். நோய்க்கு மருத்துவரின் பெயர் நின்றது. அந்தக் கணவர் வாயிலில் விடைபெற்றபோது என்ன நினைத்திருப்பார் என்பதை, என் அன்னையாரைச் சேர்த்த நாளுக்குப் பின் நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

என் பெற்றோர் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்தவர்கள். மணலியில் 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1971-இல் உர ஆலையும் இயங்கத் தொடங்கி, அவற்றைச் சுற்றி வேறு ஆலைகளும் எழுந்த காலத்தில், என் தந்தையார் இங்கே ஆலைப்பணிக்கு வந்தார். மூன்று ஷிப்டு வேலை. சங்கு ஊதினால் எங்கள் வீடு அசையும். எந்தச் சங்குக்கு எந்தச் சாப்பாடு என்பது அன்னையாரின் கைகளுக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தச் சங்குக்கு எழுந்தார், சமைத்தார், டிபன் கேரியரை அடுக்கினார். தந்தையார் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் காலமானார்.

அன்னையாருக்கு எழுபத்தைந்து வயதானபோது மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு நாட்கள் போயின. சங்கு மட்டும் போகவில்லை. விடியுமுன் சங்கு ஒலித்தால் எழுந்து, "சங்கு ஊதிடுச்சு, அப்பா சாப்பிடாம போயிடுவாரு, கேரியர் எங்க?" என்று தேடுவார். ஒருநாள் கதவு தாழிடப்படாமல் இருந்தது. வெறும் கேரியரோடு வெளியே போய்விட்டார். துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் விரைவுச் சாலையின் ஓரத்தில், ஒரு தேநீர்க்கடைக்காரர் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார். அந்தப் பெருமகனுக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

அன்று இரவே அண்ணனும் நானும் பெங்களூரில் இருக்கும் தம்பியும் தொலைபேசியில் பேசினோம். இருபது நிமிடத்தில் முடிவு செய்தோம்: இனி ஓர் இல்லத்தில் சேர்த்துவிடுவது. இந்த முடிவு சரியா தவறா என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். அதை எடுத்தபோது யார் யார் அங்கே இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

என் மனைவி இல்லை. நான்கு ஆண்டுகள் அன்னையாரை நீராட்டி, உடுத்தி, இரவில் கழிவறைக்கு அழைத்துச் சென்றவர் அவர். அவருக்கு மறுநாள் காலையில் செய்தியாகத்தான் சொன்னேன். என் தங்கை இல்லை. ஆரணிப் பக்கம் மணம்முடித்துக் கொடுத்த பெண்ணை இதில் ஏன் அலைக்கழிக்க வேண்டும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அழுவாள், எதிர்ப்பாள் என்ற அச்சமே உண்மையான காரணம். எல்லாருக்கும் மேலாக, யாரைப் பற்றிய முடிவோ அந்த அன்னையாரே இல்லை. அவருக்குத்தான் ஒன்றும் விளங்காதே என்றோம்.

சேர்க்கும் நாளில் அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. "சித்தாமூர் தேருக்குப் போறோம் அம்மா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பட்டுப்புடவை கேட்டு உடுத்திக்கொண்டார். கோயிலுக்கு எடுத்துச் செல்லும் பையில் ஒரு கை அரிசியும் இரண்டு பழமும் வைத்துக்கொண்டார். செங்குன்றத்துக்கு அப்பால் இருந்த அந்த இல்லத்தின் முற்றத்தில் அவரை உட்கார வைத்துவிட்டு, கையெழுத்திட வேண்டிய தாள்களில் கையெழுத்திட்டுவிட்டு, அவர் பார்க்காத நேரத்தில் வெளியே வந்தேன். மூன்று நாள் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு, போவோர் வருவோரிடமெல்லாம் தேர் வந்துவிட்டதா என்று கேட்டாராம். அங்கிருந்த ஆயா ஒருவர் இதனைப் பிற்பாடு என்னிடம் சொன்னார்.

பொய்யாமை நம் ஐந்து விரதங்களுள் ஒன்று. பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்தவன் நான்.

இரண்டாம் வாரத்தில் இல்லத்திலிருந்து அழைப்பு வந்தது. அன்னையார் இரவுணவைத் தொடுவதில்லை, தட்டைத் தள்ளிவிடுகிறார், மெலிந்துவிட்டார் என்றார்கள். பதிவேட்டில் நாள்தோறும் 'உணவு மறுக்கிறார்' என்று எழுதியிருந்தார்கள். எங்கள் உறவில் பெரியப்பா முறையாகும் ஒருவர் இதைக் கேட்டுவிட்டுக் கைகூப்பினார். "அவள் புண்ணியவதி. நினைவு போனாலும் ஆன்மா அறியும். சல்லேகனை ஏற்றுவிட்டாள், வற்புறுத்தாதீர்கள்" என்றார். மறைத்துப் பேசுவானேன்? அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது. என் குற்றவுணர்வுக்கு அது ஒரு பட்டுத்துணி போர்த்தியது.

அப்போதுதான் தங்கைக்குச் செய்தி தெரிந்தது. மறுநாளே பேருந்தேறி வந்தாள். மாலை ஏழரை மணிக்கு உணவுத்தட்டு வரும்வரை அன்னையாரின் அருகிலேயே இருந்தாள். தட்டு வந்தது. அன்னையார் மேலே எரியும் விளக்கைப் பார்த்தார், தட்டைத் தள்ளினார். தங்கைக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. மறுநாள் சமையற்கட்டில் சொல்லி, ஐந்தரை மணிக்கு வெயில் இருக்கும்போதே உணவை வாங்கிவந்து ஊட்டினாள். அன்னையார் முழுவதும் உண்டார்.

அவர் உணவை மறுக்கவில்லை; இரவில் உண்பதை மறுத்தார். பிள்ளைகளின் பெயர் போயிருந்தது, கணவர் இறந்த செய்தி போயிருந்தது, சிறு வயதில் ஏற்ற இரவுண்ணாமை மட்டும் போகவில்லை. இல்லத்தார்மீது எனக்குக் குறையில்லை. நம் வழக்கம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். அந்த வழக்கத்தின் எடை தெரிந்தவளை நாங்கள் கேட்கவே இல்லை.

இங்கே சல்லேகனை பற்றி ஒரு சொல் கூற வேண்டும். 2015 ஆகஸ்டில் இராசத்தான் உயர்நீதிமன்றம் இவ்விரதத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நீங்கள் அறிந்தவை. அன்று நம்மவர் எடுத்துரைத்த வாதம், இது தெளிந்த அறிவோடு விரும்பி ஏற்கும் விரதம் என்பதே. இரத்தினகரண்டக சிராவகாசாரம் கூறும் முறையும் அதுதான்: பற்றும் பகையும் நீக்கி, உற்றாரை மன்னித்து, அவர்களிடம் தானும் மன்னிப்பு வேண்டி ஏற்க வேண்டும். உற்றார் இன்னார் என்றே அறியாதவர் எப்படி அதனை ஏற்க முடியும்? மறதிநோயாளர் உண்ணாதிருந்தால் அதற்கு விரதப் பெயர் சூட்டும் உரிமை நமக்கில்லை. பல்வலியா, வாய்ப்புண்ணா, மலச்சிக்கலா, விழுங்குவதில் இடரா, காய்ச்சலா, மருந்தின் விளைவா, அன்றி உணவு வரும் நேரமா என்று தேடுவதே முதற்கடமை. நோய் முற்றிய நிலையில் விழுங்கும் ஆற்றலே குறைந்துவிடுவதுண்டு. அப்போது செய்யத்தக்கது என்ன என்பதைக் குடும்பத்தார் கூடி மருத்துவரோடு முன்னதாகவே பேசி வைத்திருக்க வேண்டும்.

இந்நிகழ்ச்சிக்குப் பிறகுதான் நாங்கள் அனைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் கூடினோம். அண்ணன், அண்ணி, தம்பி, தங்கை, அவள் கணவர், என் மனைவி, கல்லூரியில் படித்த என் மகள். வந்த நேரத்தில் குரல்கள் உயர்ந்தன. "அம்மாவை அழைத்துக்கொண்டு போகிறேன்" என்றாள் தங்கை. "உனக்கு இரவுகள் தெரியாது" என்றார் என் மனைவி. பணம் யார் கட்டுவது என்று தம்பி கேட்டதும் அண்ணன் சினந்தார். நம் ஆன்றோர் அநேகாந்தத்தை விளக்கச் சொல்லும் யானைக்கதையை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அன்று என் கூடத்திலேயே அந்த யானை நின்றது. ஒவ்வொருவர் கையிலும் அன்னையாரின் ஒரு பகுதி மெய்யாகவே இருந்தது. முழுவதும் என் கையில்தான் இருக்கிறது என்று எண்ணியிருந்தவன் நான்.

கத்தி ஓய்ந்தபின், ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்வது, மற்றவர் இடைமறிக்காமல் கேட்பது என்று என் மகள் ஒரு முறை வகுத்தாள். என் மனைவி சொன்னது இரண்டே செய்தி. குளிக்கும்போது தலையில் முதலில் நீரூற்றினால் அன்னையார் அஞ்சி அடிப்பார். பாதத்திலிருந்து தொடங்கினால் அமைதியாக இருப்பார். "கோயிலுக்கு நேரமாச்சு" என்றால் தாமே எழுந்து குளிக்க வருவார். இல்லத்தில் இரண்டு ஆயாமார் நாள்தோறும் போராடிக்கொண்டிருந்த காரியம் அது. மறுநாள் சொன்னோம், போராட்டம் நின்றது.

கூடிப் பேசி முடிவை மாற்றினோமா என்று கேட்பீர்கள். இல்லை. அன்னையார் இல்லத்திலேயே இருந்தார். இப்போது சொல்கிறேன்: இல்லத்தில் சேர்த்தது தவறென்று நான் கருதவில்லை. அங்கே சங்கு ஒலிக்கவில்லை. சேர்ந்த சில வாரங்களில் விடியும்வரை உறங்கத் தொடங்கினார். வாயிலில் லாரிகள் இல்லை. சுற்றி நடக்கத் தோட்டம் இருந்தது. இரவு விழித்து விழித்து என் மனைவிக்கு ஏறியிருந்த இரத்த அழுத்தம் தணிந்தது. ஒரு தாயைக் காக்க ஒரு மருமகளைச் சாகடிப்பது எந்த அறத்திலும் சேராது. சேர்த்தது பிழையன்று, சேர்த்த முறை பிழை. அதைவிடப் பெரிய பிழை, சேர்த்ததோடு எங்கள் கடமை முடிந்தது என்று எண்ணியது.

இந்த அனுபவத்திலிருந்து சில செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, முடிவெடுக்கும் இடத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்பது. பணம் கட்டுபவர் மட்டும் போதாது. உடம்பைத் தொட்டுப் பணி செய்பவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் மருமகளாகவோ மகளாகவோ இருப்பார், அவரிடம் கேட்கும் வழக்கம் நமக்கில்லை. மணமாகிப்போன மகளும் இருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007, மகன், மகள், பேரன், பேத்தி ஆகிய அனைவரையும் பிள்ளைகள் என்றே கொள்கிறது. கடமையில் பங்கு உண்டெனில் முடிவிலும் பங்கு உண்டு. அதே சட்டம், பாதுகாக்க வேண்டிய முதியவரைக் கைவிடும் நோக்கோடு விட்டுச்செல்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. இல்லத்தில் சேர்ப்பது கைவிடுதல் ஆகாது. சேர்த்துவிட்டு எட்டிப்பாராதிருந்தால், சட்டத்தின் கண்ணில் எப்படியோ, அறத்தின் கண்ணில் இரண்டுக்கும் தொலைவு மிகக் குறைவு.

இரண்டாவது, நோயாளரையே கேட்பது. நோய் ஒரே நாளில் அறிவை முற்றும் கவர்ந்து செல்வதில்லை. தொடக்கத்தில் ஆண்டுக்கணக்கில் தெளிவு இருக்கும். அக்காலத்திலேயே, "உடம்பு முடியாமல் போனால் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்? யாரை நம்புகிறீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். அபசகுனம் என்று தள்ளிப்போடுவதால் கேள்வி மறைவதில்லை. பதில் சொல்ல வேண்டியவர்தாம் மறைந்துபோகிறார். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நினைவாற்றலைக் கடுமையாகப் பாதிக்கும் நோயையும் தன் வரையறையில் உள்ளடக்குகிறது. அதன்படி, வயது வந்த எவரும் தமக்காகப் பேசும் நியமனப் பிரதிநிதி ஒருவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ இட்டு நியமிக்கலாம். தமக்கு எவ்வகைச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்னறிவிப்பு ஆவணம் எழுதிவைக்கவும் அச்சட்டம் உரிமை தருகிறது.

அறிவு மங்கியபின்னும் கேட்பதை நிறுத்தலாகாது. இந்த அறையா அந்த அறையா, இந்தப் புடவையா அந்தப் புடவையா என்று கேட்கலாம். முதல் நாளே விட்டுவராமல், இரண்டு மூன்று முறை அழைத்துச் சென்று சில மணி நேரம் உடனிருந்து வரலாம். உண்மையை அவர் தாங்கும் சொல்லில் சொல்லலாம். "ராத்திரியில உங்களைப் பாத்துக்க எங்களால முடியல அம்மா. இங்க பாத்துப்பாங்க. நான் வருவேன்." இவ்வளவே நான் சொல்லியிருக்க வேண்டியது. அவர் மறந்திருப்பார், அழுதும் இருப்பார். தேருக்காகக் காத்திருந்திருக்க மாட்டார்.

மூன்றாவது, பணமும் பத்திரமும். நம்மில் பலர், "அப்பா பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கவலையில்லை" என்று இருக்கிறோம். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வருகிறது. எந்த நாளுக்காக எழுதினோமோ அந்த நாளில் அது பயன்படாது. ஆகவே உயில், வங்கிக் கூட்டுக்கணக்கு, ஓய்வூதிய ஏற்பாடு ஆகியவற்றை அறிவு தெளிவாக இருக்கும்போதே, எல்லாப் பிள்ளைகளும் அறிய, வழக்கறிஞர் ஒருவரின் துணையோடு செய்துகொள்ள வேண்டும். மறைவில் செய்த ஏற்பாடு, இல்லத்துக் கட்டணம் வரும்போது சண்டையாக வெளிப்படும். எங்கள் வீட்டில் அன்று குரல் உயர்ந்ததற்குப் பாதிக் காரணம் அதுவே.

நான்காவது, இல்லத்தைத் தேர்வது. சுவரின் வண்ணத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மாலையிலும் இரவிலும் சென்று பாருங்கள். மறதிநோயாளருக்குத் தடுமாற்றம் மிகும் நேரம் அதுதான். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர் என்று கேளுங்கள். மறதிநோயாளரைப் பராமரிக்கப் பயிற்சி உண்டா, மருந்து கொடுப்பவர் யார், திடீரென நோய் முற்றினால் எந்த மருத்துவமனை, பதிவுச் சான்று உண்டா என்று கேளுங்கள். கட்டிவைக்கும் வழக்கம் உண்டா என்று கூசாமல் கேளுங்கள். மேற்சொன்ன 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியால் பிணைப்பதை முற்றிலும் தடை செய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாத நிலையன்றி உடலைக் கட்டுப்படுத்துவதையும் அது ஏற்பதில்லை. உறவினர் எந்நேரமும் வரலாமா என்பதற்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் சேர்க்காதீர்கள்.

ஐந்தாவது, ஒரு குறிப்பேடு. நாற்பது பக்க நோட்டு போதும். இவர் யார், எந்த ஊர், என்ன வேலை செய்தார், எதற்கு அஞ்சுவார், எந்தச் சொல்லுக்கு இணங்குவார், எந்தப் பாட்டுக்கு முகம் மலர்வார் என்பதை வீட்டார் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவரை எழுத வேண்டும். நம் குடும்பங்களில் இன்னும் சில சேர்த்தெழுத வேண்டும்: பொழுது சாயுமுன் உணவு, வடிகட்டிய நீர், விலக்கும் உணவுகள், அட்டமி சதுர்த்தசி நோன்பு உண்டா இல்லையா, காலையில் பஞ்சமந்திரம் காதில் விழ வேண்டும் என்பது. நம்மைப் பிறர் அறிந்திருப்பர் என்று எதிர்பார்க்க இயலாது. தமிழ் பேசும் சமணர் உண்டு என்பதையே சென்னையில் பலர் அறியார். அன்னையாரின் குறிப்பேட்டைப் பெரும்பகுதி எழுதியவர் என் மனைவி. அதைப் படித்தபோதுதான் அன்னையாரைப் பற்றி எனக்கு எவ்வளவு குறைவாகத் தெரிந்திருந்தது என்பதை அறிந்தேன்.

ஆறாவது, முடிவை மீண்டும் மீண்டும் திறந்து பார்ப்பது. நோய் மாறுகிறது, தேவையும் மாறுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடும்பம் கூடி, இல்லத்தின் பொறுப்பாளரையும் உடன்வைத்துப் பேசினோம். யார் எந்த வாரம் செல்வது என்று முறை வைத்தோம். தம்பி ஞாயிறுதோறும் காணொளியில் அழைப்பான். அன்னையார் அவனைத் தம் கணவர் என்றே எண்ணிச் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்" என்பான். அவன் எப்போதும் சாப்பிட்டுவிட்டுத்தான் அழைப்பான். அந்த விடை பொய்யாகக் கூடாதென்று.

இல்லம் ஒன்றே வழி என்று நான் சொல்லவில்லை. வீட்டிலேயே காக்க இயன்றவர்கள் காக்கட்டும். அவர்களுக்கும் துணை வேண்டும். முதியோருக்கெனத் தனி மருத்துவத்தை நம் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-இலேயே மருத்துவர் வி. எஸ். நடராசன் தொடங்கிவைத்தார். இன்று கிண்டியில் 2024-இல் திறக்கப்பட்ட, 200 படுக்கைகள் கொண்ட அரசு முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. வடசென்னையார்க்கு அருகிலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் நிறுவிய ஸ்கார்ஃப் நிறுவனம் மறதிநோயாளர்க்கும் குடும்பத்தார்க்கும் தனிப்பணி செய்கிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணும் உள்ளன, இரண்டுக்கும் கட்டணமில்லை. கேரளத்தில் 1992-இல் தொடங்கிய அல்சைமர் சங்கம் இன்று நாடெங்கும் கிளைகளோடு இயங்குகிறது. மணலி, மாத்தூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் மாதம் ஒருமுறையேனும் இதுபற்றிக் கூடிப் பேச முடியாதா? இந்த அறக்கட்டளையின் முன் இதை ஒரு வேண்டுகோளாக வைக்கிறேன்.

நம் நூல்கள் அகத்தவம் ஆறனுள் வையாவிருத்தியத்தை ஒன்றாக வைத்தன. தத்துவார்த்த சூத்திரம் அதனைத் தியானத்தோடும் சுவாத்தியாயத்தோடும் ஒரே வரிசையில் எண்ணுகிறது. நலிந்தோர்க்குச் செய்யும் பணி, செய்பவனின் உள்ளத்தைத் தூய்மையாக்கும் தவம் என்பதே அதன் கருத்து. கூலிக்குப் பணியாள் வைத்தால் அந்தத் தவம் நம்மைவிட்டுப் போய்விடுமா என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். கைகளின் பணியைப் பிறர் செய்யலாம். அறிந்துகொள்வதும், கேட்பதும், சென்று உடனிருப்பதும் நம்முடையவை; அவற்றைக் கூலிக்கு விட முடியாது என்று சொன்னேன்.

அன்னையார் அந்த இல்லத்தில் இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் இருந்தார். இறுதிக்காலத்தில் ஒரு மாலை நான் மட்டும் சென்றிருந்தேன். என்னை இன்னான் என்று அவர் அறியவில்லை. ஐந்தரை மணிக்கு ஆயா உணவு கொண்டுவந்தார். ஊட்டினேன். நாலைந்து வாய் உண்டபின் என் கையைப் பிடித்து நிறுத்தினார். சன்னலைப் பார்த்தார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. "விளக்கு வைக்கறதுக்குள்ள நீயும் சாப்பிடுப்பா" என்றார். என் பெயர் அவரிடம் இல்லை. நான் பசியோடு இருக்கக்கூடாது என்பது இருந்தது. அதே தட்டிலிருந்து நானும் உண்டேன்.

அறவோர் பெருமக்களே, இன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் இல்லத்து மூத்தவர் அருகில் ஒரு நாழிகை அமருங்கள். அவர் எதை விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். உங்களில் மூத்தவராக இருப்போர், பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள். என் விருப்பத்தை நான் எழுதி, நியமனப் பிரதிநிதியாக என் மகளின் பெயரைக் குறித்து, எல்லாருக்கும் ஒரு படி கொடுத்துவிட்டேன். அதில் முதல் வரி, என்னை எங்கே அழைத்துச் செல்வதானாலும் அந்த இடத்தின் பெயரைச் சொல்லி அழைத்துச் செல்லுங்கள் என்பது.